3,300 ஜிபிக்குப் பிறகு

2007 வாக்கில் தமிழ்நாட்டுச் சிறு நகரங்களின் சில வீடுகளில் மட்டும் இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும். எழுந்திருப்பவர் படிக்கவும் மாட்டார், பஸ் பிடிக்கவும் ஓட மாட்டார். கணினியைத் தட்டி எழுப்பி, பகலில் குறித்து வைத்திருந்ததையெல்லாம் வரிசையாக டவுன்லோடில் போட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுவார். பிஎஸ்என்எல் ‘டேட்டாஒன்’ இணைப்பில் ‘ஹோம் 500’ திட்டம் வைத்திருந்தவர்களுக்கு இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. எட்டு மணி அடித்ததும் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

அந்த மீட்டரின் கணக்கைப் பார்த்தால்தான் அலாரம் ஏன் என்று புரியும். மாதம் 500 ரூபாய் வாடகை. அதற்கு 2.5 ஜிபி. அதற்கு மேல் ஒவ்வொரு எம்பிக்கும் 80 பைசா. கேட்பதற்குச் சில்லறைக் காசுதான். ஆனால் அளவு தீர்ந்த பிறகு ஒரு சிடியில் கொள்ளும் 700 எம்பியைப் பட்டப்பகலில் இறக்கினால் 560 ரூபாய். ஒரு மாத வாடகையை விட அதிகம். ஒரு ஜிபிக்கு 800 ரூபாயைத் தாண்டிவிடும். வீட்டில் யாரும் எதையும் தொடாதபோதே விண்டோஸும் ஆன்டிவைரஸும் தம்பாட்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளும். பில் வந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

இன்று அதே 500 ரூபாயில் கதையே வேறு. 2020 அக்டோபரில் பிஎஸ்என்எல் பாரத் ஃபைபரில் 449 ரூபாய் திட்டம் வந்தபோது அதன் அளவு மாதம் 3,300 ஜிபி, வேகம் 30 எம்பிபிஎஸ். 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் சுமார் 530 ரூபாய். வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், முழு அளவையும் பயன்படுத்துகிறவருக்கு ஒரு ஜிபி 14 பைசாவுக்குக் கீழே விழுகிறது. அன்று ஒரு எம்பிக்குக் கட்டிய காசுக்கு இன்று கிட்டத்தட்ட ஆறு ஜிபி கிடைக்கிறது.

ஆனாலும் வரம்பு ஒழிந்துவிடவில்லை. அது இடம் மாறியிருக்கிறது. யார் வீட்டில் எப்போது இடிக்கிறது என்பதும் மாறியிருக்கிறது. செஞ்சி போன்ற ஒரு ஊரில் நின்று பார்த்தால் அந்த மாற்றம் இன்னும் துலக்கமாகத் தெரியும்.

கம்பி வந்த வழி

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கும் செஞ்சிக்கு ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளும் ஒரு கோட்டையும் அடையாளம். 2025 ஜூலையில் மராத்தியர் இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். ஆனால் ஊருக்கு ரயில் கிடையாது. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதை பல ஆண்டுகளாகத் திட்டமாகவே இருக்கிறது. ஆகவே தண்டவாளத்தை ஒட்டிப் போகும் கண்ணாடி இழைக் கேபிளும் இந்தப் பக்கம் வர வழியில்லை. இங்கே இணையம் சாலையோரமாகத்தான் வந்தாக வேண்டும். சுற்றிலும் பாறை என்பதால் பள்ளம் தோண்டுவதும் லேசான காரியமில்லை. மண்ணுக்கு அடியில் புதைக்க முடியாத இடங்களில் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டிக்கொண்டு போவதுதான் இப்படிப்பட்ட ஊர்களில் வழக்கம்.

அந்தக் கம்பியை வீடு வரை கொண்டுவருவது பெரும்பாலும் பழைய கேபிள்காரர்தான். முன்பு சன் டிவிக்குக் கம்பி இழுத்தவர் இன்று ஏதாவது ஒரு நிறுவனத்தின் கூட்டாளியாக ஃபைபர் இணைப்பு கொடுக்கிறார். ரயில்டெலின் ‘ரயில்வயர்’, பிஎஸ்என்எல்லின் வீட்டு ஃபைபர், அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் இணையம் ஆகிய மூன்றுமே தமிழ்நாட்டில் உள்ளூர் ஆபரேட்டர்களை நம்பித்தான் பரவின. அதனால் நெட் சுற்றிக்கொண்டே நின்றால் யாரும் கால் சென்டருக்குப் போன் போடுவதில்லை. “அண்ணே, ராத்திரி ஆனா நெட் சுத்திக்கிட்டே இருக்குண்ணே” என்று கேபிள்காரரிடமே சொல்வார்கள். “ரவுட்டரை ஒருவாட்டி ஆஃப் பண்ணிப் போட்டுப் பாரு தம்பி” என்பார் அவர். அது வரம்பு தாண்டியதாலா, ஊரே ஒரே நேரத்தில் பார்ப்பதாலா, வீட்டு வைஃபையின் கோளாறா என்பது அந்தப் பேச்சில் தெரியவராது. மூன்றும் வெவ்வேறு நோய். மருந்தும் வெவ்வேறு.

மணிக்கணக்கு, எம்பி கணக்கு

இணையத்தை அளந்து விற்பது இந்தியாவில் முதல் நாளிலேயே தொடங்கியது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணைய சேவையைத் திறந்தது. தனிநபர் கணக்குக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். வேகம் 9.6 கேபிபிஎஸ். ஒரு நொடிகூட வீணாக்காமல் அந்த 250 மணி நேரமும் இறக்கிக்கொண்டே இருந்தாலும் மொத்தம் ஏறக்குறைய ஒரு ஜிபிதான் தேறும். தொலைபேசி அழைப்புக் கட்டணம் தனி.

அன்று அளந்தது நேரத்தை. 2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டு, 256 கேபிபிஎஸ் வேகமும் எப்போதும் இணைந்திருக்கும் வசதியும் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. தயாநிதி மாறன் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த காலம் அது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. இணைப்பு எப்போதும் உயிரோடு இருப்பதால் மணிக்கணக்கு பொருளற்றுப் போனது. அளவுகோல் எம்பிக்கு மாறியது.

எம்பி கணக்குக்கு அன்று ஒரு நியாயமும் இருந்தது. இந்தியர்கள் பார்த்த இணையத்தில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சர்வர்களில் இருந்தது. ஒவ்வொரு பக்கமும் கடலுக்கு அடியில் பயணித்து வர வேண்டும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் சுமார் 3,200 கிலோமீட்டர் நீள ‘ஐ2ஐ’ போன்ற கேபிள்கள் 2002-லிருந்துதான் வரத் தொடங்கின. அந்தப் பாதையில் இடம் வாங்க நிறுவனங்கள் பெரும் தொகை கொடுத்தன. அந்தச் செலவை வாடிக்கையாளர் தலையில் எம்பி எம்பியாகப் பிரித்து வைத்தார்கள்.

இன்று அந்த நியாயத்தின் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. யூடியூபும் நெட்ஃப்ளிக்ஸும் அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களின் நகலை இந்தியாவுக்குள்ளேயே, இணைய நிறுவனங்களின் மையங்களிலேயே வைத்திருக்கின்றன. உள்நாட்டுப் போக்குவரத்து வெளிநாடு சுற்றி வராமல் இருக்க 2003-லேயே ‘நிக்ஸி’ என்ற இணையச் சந்திப்பு மையம் தொடங்கப்பட்டது. செஞ்சியில் ஒருவர் இரவு பார்க்கும் படம் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதில்லை. அநேகமாகச் சென்னையிலிருந்தே வந்துவிடும்.

பில்லில் இருந்து வேகத்துக்கு

எம்பிக்கு இத்தனை பைசா என்ற முறையில் வந்த பில்கள் வாடிக்கையாளர்களை மிரட்டின. போட்டி கூடியதும் நிறுவனங்கள் உத்தியை மாற்றின. அளவு தாண்டினால் கூடுதல் காசு கேட்பதில்லை, வேகத்தைக் குறைத்துவிடுவது. நியாயமான பயன்பாட்டுக் கொள்கை, சுருக்கமாக எஃப்யூபி, என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். விளம்பரத்தில் ‘அன்லிமிடெட்’ பெரிய எழுத்தில் இருக்கும். மூலையில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தைத் தேடிக் கீழே போனால்தான் இத்தனை ஜிபிக்குப் பிறகு இத்தனை வேகம் என்ற வரி கிடைக்கும்.

புகார்கள் குவிந்ததால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012 ஜூலையில் ஓர் உத்தரவு போட்டது. வரம்பு எவ்வளவு, அதுவரை வேகம் என்ன, அதற்குப் பிறகு வேகம் என்ன என்ற மூன்றையும் விளம்பரத்திலும் இணையதளத்திலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. வரம்பு தாண்டினாலும் அன்றைய பிராட்பேண்ட் வரையறையான 256 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே வேகத்தை இறக்கக் கூடாது என்றும் சொன்னது.

2016 அக்டோபர் 31 அன்று வந்த அடுத்த உத்தரவு அந்தக் கீழ்வரம்பை 512 கேபிபிஎஸ் ஆக்கியது. வீட்டு பிராட்பேண்ட் வாடிக்கையாளர் தன் அளவில் 50, 90, 100 சதவீதத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ அவருக்குத் தகவல் போக வேண்டும் என்பதையும் கட்டாயமாக்கியது. இந்த வசதி பலருக்கும் பயன்படாமல் போவதற்குக் காரணம் சாதாரணமானது. இணைப்பு எடுக்கும்போது வேறு யாருடைய எண்ணாவது பதிவாகியிருக்கும். எஸ்எம்எஸ் அங்கே போய்க்கொண்டிருக்கும்.

களஞ்சியமா, வாசலா?

வரம்பு எதற்கு என்று கேட்டால், சிலர் அதிகமாகப் பயன்படுத்துவதால் மற்றவர்களுக்குப் பாதிப்பு என்பதுதான் நிறுவனங்களின் வழக்கமான பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளச் செஞ்சிக் கோட்டையே உதவும்.

ராஜகிரியின் அடிவாரத்தில் பிரம்மாண்டமான தானியக் களஞ்சியம் உண்டு. மராத்திய மன்னர் சத்ரபதி ராஜாராம் உள்ளே இருக்க, 1690 முதல் 1698 வரை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் மொகலாயப் படை கோட்டையை முற்றுகையிட்டது. அப்படிப்பட்ட காலத்தில் இன்று எடுத்த மூட்டை நாளைக்கு இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தே ஆக வேண்டும். இணையம் களஞ்சியத்து நெல் இல்லை. ஒரு வீட்டில் 100 ஜிபி பார்த்தால் அடுத்த வீட்டுக்கு 100 ஜிபி குறைந்துவிடுவதில்லை. இங்கே தட்டுப்பாடு கோட்டை வாசலில்தான். வேலூர் வாசல் வழியாக ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் நுழைய முடியும். எல்லோரும் ஒரே வேளையில் வந்தால் நெரிசல். நள்ளிரவில் ஒரே ஆள் நூறு தடவை போய் வந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

அந்த வாசலின் அகலம் இதுதான். வீடுகளுக்கு ஃபைபர் தரப் பரவலாகப் பயன்படும் ஜிபான் தொழில்நுட்பத்தில் ஒரு இழையில் வினாடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட் வரும். கம்பத்தில் தொங்கும் சின்னப் பெட்டியில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துவிடும். 64 வீடுகளிலும் 100 எம்பிபிஎஸ் திட்டம் என்றால் எல்லோரும் சேர்ந்து கேட்பது 6.4 ஜிகாபிட். வருவது 2.5. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. பெரும்பாலும் அந்த நம்பிக்கை பொய்ப்பதும் இல்லை. இப்படிப் பகிர்வதற்கு 2009-லேயே டிராய் ஒரு விகிதம் வகுத்தது. வீட்டு இணைப்புகளில் அதிகபட்சம் 50 பேருக்கு ஒரு பங்கு. நெரிசல் வருவது இரவு எட்டு மணியிலிருந்து பத்தரை வரை, அல்லது ஐபிஎல்லில் சென்னை ஆடும் நேரத்தில்.

மாத வரம்பு இந்த நெரிசலை நேரடியாகத் தொடுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு 50 ஜிபி இறக்குபவரால் யாருக்கும் தொல்லை இல்லை, ஆனால் அவர் வரம்பு கரைகிறது. தினமும் இரவு ஒன்பது மணிக்கு மட்டும் 4கே படம் பார்ப்பவர்தான் வாசலை அடைக்கிறார், ஆனால் மாதக் கடைசியில் அவர் வரம்புக்குள்தான் இருப்பார். ‘ஹோம் 500’ திட்டத்தில் இரவு 2 மணிக்கு மீட்டரை நிறுத்தி வைத்ததன் பொருளும் இதுதான். எந்த நேரத்தில் வாசல் காலியாகக் கிடக்கிறது என்பது நிறுவனங்களுக்கு அன்றே தெரியும்.

ஊரடங்கு இதற்கு எதிர்பாராத பரிசோதனையாக அமைந்தது. 2020 மார்ச்சில் எல்லோரும் வீட்டில் அடைந்ததும், இருக்கிற வரம்பை இறுக்காமல் நிறுவனங்கள் தளர்த்தின. சென்னையில் பெரிய அளவில் இயங்கும் ஆக்ட் ஃபைபர்நெட் அந்த மாத இறுதிவரை வரம்பை நீக்கி, வேகத்தையும் 300 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. லேண்ட்லைன் வைத்திருந்தவர்களுக்கு பிஎஸ்என்எல் ‘வொர்க் அட் ஹோம்’ என்ற பெயரில் நாளுக்கு 5 ஜிபி தரும் இலவச பிராட்பேண்டைக் கொடுத்தது. அமெரிக்காவின் காம்காஸ்ட்டும் வரம்பை நிறுத்தி வைத்தது. அதே மாதத்தில் இந்தியாவில் நெருக்கடி என்று வீடியோவின் தரத்தைக் குறைக்கச் சொன்னது செல்போன் நெட்வொர்க்குகளுக்காக. வீட்டுக் கம்பி தாங்கிக்கொண்டது, காற்றில் போகும் அலைக்குத்தான் மூச்சு முட்டியது.

ஆகவே வரம்பை ஒரு விலை உத்தியாகப் பார்ப்பதுதான் பொருத்தம். குறைந்த வரம்பில் ஒரு திட்டம், கூடுதல் வரம்பில் அடுத்த திட்டம் என்று படிக்கட்டு கட்டினால், வாடிக்கையாளர் அடுத்த படிக்குத் தானாகவே ஏறுவார். போட்டி வந்தால் படிக்கட்டு தானாகவே இடியும். 2019 செப்டம்பரில் ஜியோஃபைபர் அறிமுகமானபோது 699 ரூபாய்த் திட்டத்தின் அடிப்படை அளவு 100 ஜிபிதான், அதற்குப் பிறகு 1 எம்பிபிஎஸ். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் கடைசியில், அதே 699 ரூபாய்க்கு வரம்பே இல்லை என்று அறிவித்தார்கள். அடுத்த வாரமே ஏர்டெல்லும் இறங்கியது. அக்டோபரில் பிஎஸ்என்எல். மூன்றிலும் நட்சத்திரக் குறிக்குப் பின்னால் இருந்த எண் ஒன்றே: 3,300 ஜிபி.

கனடாவில் கிளம்பிய எதிர்ப்பு

கம்பிக்கு வரம்பு போடுவதா வேண்டாமா என்ற சண்டை நடந்த ஊர்களில் தமிழர்கள் நிறைந்த டொரன்டோவும் ஒன்று. 2011 ஜனவரியில் கனடாவின் ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி எடுத்த முடிவால், பெரிய நிறுவனங்களின் கம்பியை வாடகைக்கு எடுத்துச் சேவை தந்த சிறு நிறுவனங்களும் ஜிபி கணக்கில் கட்டணம் செலுத்த வேண்டிய நிலை வந்தது. மாதம் 200 ஜிபி தந்துகொண்டிருந்த டெக்சாவி என்ற நிறுவனம், ஒன்டாரியோவில் அதை 25 ஜிபியாகச் சுருக்க வேண்டியிருக்கும் என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்தது. லட்சக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். அரசே தலையிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் சிஆர்டிசி முறையை மாற்றியது. சிறு நிறுவனங்கள் எத்தனை ஜிபி போனது என்று பார்த்துக் கட்டத் தேவையில்லை, எவ்வளவு அகலமான பாதை வேண்டும் என்று சொல்லி அதற்குக் கட்டலாம் என்றது. களஞ்சியக் கணக்கைக் கைவிட்டு வாசல் கணக்குக்கு வந்தார்கள்.

அமெரிக்காவில் கூடுதல் கட்டணம் நெடுநாள் நீடித்தது. காம்காஸ்ட் 2008-ல் 250 ஜிபி வரம்பு வைத்தது. பிறகு படிப்படியாக 1,200 ஜிபி வரை உயர்த்தி, அதைத் தாண்டும் ஒவ்வொரு 50 ஜிபிக்கும் 10 டாலர் வாங்கியது. ஃபைபர் நிறுவனங்களின் போட்டி இறுகிய பிறகு, 2025-ல் புதிய திட்டங்களில் வரம்பை எடுத்துவிட்டது. இலங்கையில் இரவு இரண்டு மணி அலாரத்தின் தம்பி ஒருவர் நெடுங்காலம் உயிரோடு இருந்தார். அங்கே பல வீட்டு இணையத் திட்டங்களில் பகலுக்கு ஓர் ஒதுக்கீடு, நள்ளிரவுக்குப் பிறகு தனி ஒதுக்கீடு.

3,300 ஜிபி யாருக்குத் தீரும்?

சாதாரணக் குடும்பத்துக்குத் தீராது. 3,300 ஜிபி என்றால் நாளுக்கு 110 ஜிபி. ஒரு மணி நேர எச்டி படத்துக்கு அதிகபட்சம் 3 ஜிபி ஆகும் என்கிறது நெட்ஃப்ளிக்ஸ். அப்படியானால் 1,100 மணி நேரம் பார்க்கலாம். ஒரு மாதத்தில் இருப்பதே 720 மணி நேரம்தான். அதே சமயம் 100 எம்பிபிஎஸ் இணைப்பை ஒரு நொடியும் ஓய்வில்லாமல் ஓட்டினால் மூன்று நாளில் அத்தனையும் முடிந்துவிடும். இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. திட்டத்தின் வேகம் பிட்டில் சொல்லப்படுகிறது, அளவு பைட்டில் சொல்லப்படுகிறது. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் வினாடிக்கு 100 எம்பி வராது, 12.5 எம்பிதான் வரும். கேபிள்காரர் ஏமாற்றுகிறார் என்று சிலர் சண்டைக்குப் போவது இதனால்தான்.

வரம்பின் பெரும்பகுதியைச் சத்தமில்லாமல் தின்னக்கூடிய ஒரு பொருள் உண்டு, சிசிடிவி கேமரா. 2 எம்பிபிஎஸ் வேகத்தில் படம் அனுப்பும் ஒரு கேமரா இருபத்துநான்கு மணி நேரமும் கிளவுடில் பதிவு செய்தால் நாளுக்கு 21.6 ஜிபி, மாதம் சுமார் 650 ஜிபி. கடைக்கு முன்னால் ஒன்று, கல்லாவுக்கு மேலே ஒன்று, குடோனில் இரண்டு என்று நான்கு வைத்தால் 2,600 ஜிபி. அதே கேமராக்கள் கடையிலேயே இருக்கும் டிவிஆர் பெட்டியில் பதிவு செய்தால் இணையத்தில் செலவே இல்லை. ஊருக்குப் போயிருக்கும்போது செல்போனில் எட்டிப் பார்க்கும் நேரத்துக்கு மட்டும்தான் கணக்கு.

கம்பி போகாத இடத்துக்கு வரும் ‘ஏர்ஃபைபர்’ இணைப்பில் எச்சரிக்கை இன்னும் அவசியம். பெயரில் ஃபைபர் இருந்தாலும் மொட்டை மாடிப் பெட்டி 5ஜி அலையில்தான் பேசுகிறது. ஒரே டவரை ஊரே பகிர்வதால், 2023-ல் அறிமுகமான ஜியோ ஏர்ஃபைபரிலும் ஏர்டெல்லின் அதே வகைச் சேவையிலும் மாத வரம்பு 1,000 ஜிபியாகத்தான் வைக்கப்பட்டது. ஃபைபரில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

வேகம் குறைந்தால் காரணத்தை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். ரவுட்டரிலிருந்து ஒயர் போட்டு லேப்டாப்பில் வேகத்தை அளந்தால் நன்றாக வருகிறது, வைஃபையில் மட்டும் படுத்துவிடுகிறது என்றால் கோளாறு வீட்டுச் சுவர்களில். ஒயரிலேயே இரவு ஒன்பது மணிக்குத் திணறி, காலை ஐந்து மணிக்குப் பறந்தால் அது நெரிசல். கேபிள்காரரிடம் கேட்க வேண்டியது ஸ்ப்ளிட்டரில் எத்தனை வீடு என்பதை. எந்த நேரத்தில் அளந்தாலும் 2 எம்பிபிஎஸ், 4 எம்பிபிஎஸ் என்று ஒரே எண்ணில் ஆணி அடித்தது போல நின்றால் வரம்பு முடிந்துவிட்டது. நிறுவனத்தின் செயலியைத் திறந்தால் அதுவரை ஓடிய ஜிபி கணக்கு தெரியும்.

கணக்கில் தவறு என்று பட்டால் முதலில் நிறுவனத்தின் புகார் மையம். அங்கே தரும் புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது முக்கியம். தீர்வு திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் போகலாம், அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. ஆனால் நுகர்வோர் நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீது நுகர்வோர் நேரடியாக வழக்குத் தொடுக்கலாம் என்பதை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஊருக்கு வெளியே

செஞ்சி காந்தி பஜாரை விட்டு மேல்மலையனூர் பக்கமோ வளத்தி பக்கமோ போகப்போக 3,300 ஜிபி என்ற பேச்சு தேய்ந்துவிடுகிறது. அங்கே பல குடும்பங்களுக்கு வீட்டு இணையம் என்பதே அப்பாவின் செல்போன் ஹாட்ஸ்பாட்தான். வரம்பு மாதக் கணக்கில் வராது, தினக் கணக்கில் வரும். ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி. “நெட் தீந்துபோச்சு” என்று சாயங்காலமே சொல்லிவிடுவார்கள். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத்தான் மறு ஒதுக்கீடு.

அந்த இரண்டு ஜிபியை அரசே ஓர் அளவாக ஏற்றுக்கொண்ட தருணமும் உண்டு. கொரோனாவால் கல்லூரிகள் மூடிக்கிடந்தபோது, 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆன்லைன் வகுப்புக்காக நாளுக்கு 2 ஜிபி தரும் இலவச டேட்டா கார்டை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு வழங்குவதாக அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். எச்டி தரத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்திலேயே கரைந்துபோகும் அளவு அது. தரத்தைக் குறைத்து வைத்தால் வகுப்புகளுக்குத் தாக்குப்பிடிக்கும். கரும்பலகையில் எழுதியது மட்டும் கலங்கலாகத் தெரியும்.

தீர்ந்த பிறகு கிடைக்கும் வேகத்தில்தான் பெரிய வித்தியாசம். ஜியோ போன்ற ப்ரீபெய்டு திட்டங்களில் தினசரி அளவு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். வினாடிக்கு 8 கேபி. வாட்ஸ்அப்பில் வரும் 2 எம்பி படம் ஒன்று திறக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். வரம்பு தாண்டிய 449 ரூபாய் ஃபைபர் வீட்டுக்கோ 2 எம்பிபிஎஸ் கிடைத்தது. ஏறக்குறைய 31 மடங்கு. சாதாரணத் தரத்தில் படமே பார்த்துவிடலாம். இப்போதே படிக்க வேண்டியதைப் படிக்கச் செல்போன் வீட்டுக்கு உள்ள ஒரே வழி, ஒன்று இரண்டு ஜிபிக்கு டாப்-அப் போடுவது. 2007-ல் எம்பிக்கு எண்பது பைசா கட்டியவர்களின் கூடுதல் கட்டணம் இன்று அந்த ரூபத்தில்தான் மிஞ்சியிருக்கிறது. முன்பு பில்லில் வந்தது, இப்போது முன்பணமாகப் போகிறது.

கிராமங்களுக்குக் கம்பி கொண்டுபோகும் வேலை நடக்காமல் இல்லை. மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் கொடுத்து, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாற்றிய திட்டத்தைத் தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனம் செயல்படுத்துகிறது. 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டு சேர்ப்பது அதன் இலக்கு. ஊராட்சி அலுவலகம் வரை கம்பி வந்தாலும் அங்கிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் இழுக்க ஒருவர் முன்வர வேண்டும். போதிய வீடுகள் சேர்ந்தால்தான் கேபிள்காரருக்குக் கட்டுப்படியாகும்.

2023 ஜனவரியில் மத்திய அரசு பிராட்பேண்ட் வரையறையை 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. அதற்குக் குறைந்த வேகத்தில் வருவதை இனி பிராட்பேண்ட் என்று சொல்ல முடியாது. டிராயின் 2016 உத்தரவு வைத்த 512 கேபிபிஎஸ் கீழ்வரம்பு வீட்டுக் கம்பி இணைப்புக்கானது. செல்போன் டேட்டாவுக்கு அது பொருந்தாது என்பதால் 64 கேபிபிஎஸ் இன்றும் விதிகளுக்கு உட்பட்டதாகவே இருக்கிறது. கம்பி வைத்திருப்பவருக்காக 2012-லும் 2016-லும் எழுதப்பட்ட பாதுகாப்பு, ஹாட்ஸ்பாட்டை நம்பிப் படிக்கும் மாணவருக்கும் வர வேண்டுமா என்ற கேள்வியை டிராய் இனிமேல்தான் எடுக்க வேண்டும்.